மரத்தூள் பற்றி ஒரு திருத்தம், கதைப் பக்கத்தில்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை, நான்கு வரித் திருத்தமாகப் பிறந்தது. நான் வேலை பார்க்கும் விவசாயப் பத்திரிகையின் ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஏம்மா, நாமளே தப்புன்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு எவன் நம்மள நம்புவான்? மனசு கேக்கலைன்னா கதையா எழுதிக்க. கதைப் பக்கம் காலியாத்தான் கெடக்கு" என்றார்.

அவர் கதைப் பக்கத்தைப் படிப்பதில்லை. அதற்குப் பிழை பார்ப்பவளும் நான்தான். ஆகவே, வாசகரே, வாருங்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

வெயில் சாய்ந்த அந்த மாலையில் கத்தரிச் செடிகள் எல்லாம் அக்காவை ஏக்கத்தோடு பார்த்து

(வேண்டாம். செடி யாரையும் பார்க்காது. சத்து கிடைத்தால் வளரும், கிடைக்காவிட்டால் வளராது.)

இயற்கை ஒரு தாய். அவள் தன் பிள்ளைகளுக்கு

(இந்த வாக்கியத்தை ஆறு வருடமாக மாற்றி மாற்றி எழுதிச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். வினையே இதில்தான் தொடங்கியது.)

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பதினோராம் பக்கத்தில் 'தோட்டத்துத் தோழி' என்ற பெயரில் யோசனை சொல்பவள் நான். சென்ற விதைப்புக்கு முன் இப்படி எழுதினேன்: "மரத்தூளை எரிக்காதீர்கள். அப்படியே மண்ணில் கலந்து கொத்திவிடுங்கள். இயற்கையானது எதுவும் மண்ணுக்குக் கெடுதல் செய்யாது."

கடைசி வாக்கியம் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! பாம்பின் விஷமும் இயற்கையானதுதான். எழுதும்போது அது எனக்குத் தோன்றவில்லை.

3

இனி அக்கா. என் கூடப்பிறந்தவள். துணி ஆலையில் சட்டைக் காலர் தைக்கிறாள். காலர் மட்டும்தான். கையை வேறொருத்தி தைப்பாள், பித்தானை இன்னொருத்தி. பதினைந்து வருடத்தில் முழுச்சட்டை ஒன்றுகூட அவள் கையிலிருந்து போனதில்லை.

"முதல்லேர்ந்து கடைசிவரைக்கும் என் கையாலயே ஒண்ணு ஆகணும்டி" என்பாள்.

இரண்டு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற நர்ஸம்மாவுக்கு ஒரு காலி மனை இருந்தது. காய்கறி போட அதைக் கேட்டு அக்கா மூன்று வருடம் நடையாய் நடந்தாள். கடைசியில் அந்த அம்மா இறங்கிவந்து இரண்டு நிபந்தனை போட்டார். ரசாயன உரம் ஒரு குருணைகூட உள்ளே வரக் கூடாது. பூ வைக்கும் சமயத்தில் வந்து பார்ப்பார். செடி தேறியிருந்தால் மனை அக்காவிடமே இருக்கும், இல்லையென்றால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போகும்.

அக்கா என் பதினோராம் பக்கத்தை வெட்டித் தையல் மெஷினில் ஒட்டி வைத்திருந்தாள். (அந்தப் பக்கத்தை முழுக்க நம்பிய ஒரே ஜீவன் அவள்தானோ என்னவோ.) அத்தானுக்குத் தச்சுப் பட்டறை, தூளுக்கா பஞ்சம்? பன்னிரண்டு மூட்டை புதுத் தூள் வந்து இறங்கியது. முதுகு ஒடிய மண்ணில் கொத்திக் கலந்து, கத்தரி நாற்றை நட்டாள்.

மூன்றாவது வாரம் இலை மஞ்சளித்தது.

4

"ஏய், இலையெல்லாம் மஞ்சளா வருதுடி."

"இரும்புச்சத்து கொறைச்சல்க்கா. போன மாசம் ஒரு கீரைக் கரைசல் எழுதியிருந்தேன் பாரு, அதைத் தெளி."

செடியைப் பார்க்காமல், செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே போனில் சொன்ன வைத்தியம் இது. பத்து நாள் தெளித்தாள். மஞ்சள் கூடியது.

(இந்த இடத்தில் என் பாத்திரத்தைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்ட ஒரு பத்தி எழுதியிருந்தேன். எனக்குக் காய்ச்சலாக இருந்தது என்று. பொய். அடித்துவிட்டேன்.)

அப்புறம்தான் அக்கா கொடுத்தனுப்பிய நான்கு இலையை ஓர் உறையில் போட்டுக்கொண்டு மண் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். ஆறு வருடமாகத் தோட்ட யோசனை எழுதுபவள் என்றும், மண்ணில் மரத்தூள் கலந்ததையும் சொன்னேன். அங்கிருந்தவர் உறையைத் திறக்கக்கூட இல்லை.

"மேல் இலை மஞ்சளாச்சா, கீழ் இலையா?"

"தெரியலையே."

"ஆறு வருஷமாவா எழுதறீங்க?"

மானம் போனது போகட்டும், அவர் சொன்னதைக் கேளுங்கள். கீழ் இலை முதலில் மஞ்சளித்தால் பெரும்பாலும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு. பழைய இலையில் இருப்பதை உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துச் செடி சமாளிக்கப் பார்க்கிறது. கொழுந்து மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால்தான் இரும்பைச் சந்தேகிக்க வேண்டும். புது மரத்தூளை மண்ணில் கலந்தால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். செடிக்கு மிஞ்சாது.

ஆக, அக்காவின் செடியைப் பட்டினி போட்டது என் வாக்கியம்.

5

மனைக்குப் போனேன். அக்கா மண்டியிட்டு மஞ்சள் இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். எல்லாம் கீழ் இலைகள். குனிந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

"மன்னிச்சிடுக்கா."

"எங்கிட்ட எதுக்குக் கேக்கறே? நீ எனக்கு மட்டுமா சொன்னே? அச்சுல சொன்னே. அச்சுல திருப்பி வாங்கு."

"ஆசிரியர் விடமாட்டாருக்கா."

"தப்பா எழுதினப்ப மட்டும் விட்டாரா?"

நானும் குனிந்து இலை கிள்ள உட்கார்ந்தேன்.

கூட வந்திருந்த அத்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னார்: "ஒரு பிடி யூரியா போட்டா சட்டுனு பச்சை பிடிக்கும். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல" என்றாள் அக்கா.

பிண்ணாக்கை ஊறப் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள், அக்காவும் சளைக்கவில்லை. கரைசலைத் தண்ணீரில் நீர்க்க வைத்துச் செடி செடியாக ஊற்றினாள். நன்றாக மக்கிய சாண உரத்தைத் தூரில் அணைத்தாள். ஆலைக்குப் போகுமுன் ஒரு நடை, வந்தபின் ஒரு நடை. இது மெதுவாகத்தான் வேலை செய்யும். நர்ஸம்மாவின் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

6

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் செடி பச்சை கட்டிப் பூத்துக் குலுங்கியது. இன்னொன்றில் நர்ஸம்மா மனையை அடுத்த ஆளுக்குக் கொடுத்தார். மூன்றாவதில் அக்காவின் நேர்மையைப் பார்த்து அந்த அம்மா கண் கலங்கி

அக்கா படித்தாள். துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் மூன்றின் மேலும் குறுக்கே கோடு இழுத்தாள்.

"பிழைச்சுதுன்னு போட்டா, 'சரி, ஒண்ணும் ஆகல'ன்னு விட்டுருவாங்க. செத்துச்சுன்னு போட்டா எனக்கு உச்சுக் கொட்டிட்டுப் பக்கத்தைத் திருப்பிருவாங்க. எனக்கு யாரும் உச்சுக் கொட்ட வேணாம்."

"நர்ஸம்மா நாளைக்குக் காலையிலதானே வர்றாங்க? அடுத்த இதழ்ல போடறேன்க்கா. என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுட்டு."

"என் மனை எக்கேடோ கெட்டுப் போகட்டும். விதைப்பு ஆரம்பிச்சாச்சுடி. இந்நேரம் எவளாவது தூள் மூட்டையை அவுத்துக்கிட்டிருப்பா. இன்னைக்கே அனுப்பு."

சொல்லிவிட்டு, நான் இன்னும் கிளம்பவில்லையே என்று திட்டினாள்.

7

பக்கம் இன்னும் ஒரு மணி நேரத்தில் அச்சுக்குப் போகிறது. நாளை அந்த மனையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லப் போவதில்லை.

பதினோராம் பக்கத்தில் நான் எழுதியது தப்பு. புது மரத்தூளை மண்ணில் கலக்காதீர்கள். சாணத்தோடு குவித்து, ஈரம் காயாமல் காத்து, கறுத்துப் பொலபொலவென்று மக்கிய பிறகு போடுங்கள். ஏற்கெனவே கலந்துவிட்டவர்கள் மக்கிய சாணமும், நீர்க்க வைத்த பிண்ணாக்குக் கரைசலும் கொடுங்கள். இலை மஞ்சளித்தால் எனக்கு எழுதுமுன் குனிந்து பாருங்கள்: கீழ் இலையா, கொழுந்தா?

உங்கள் வாசலில் மூட்டை இருக்கிறதா? இன்னும் அவிழ்க்கவில்லையே? அப்படியானால், அந்த மூட்டை மண்ணுக்குள் போகாமல் நிற்பதுதான் அக்கா கேட்ட முடிவு; அது உங்கள் கையில் இருக்கிறது.

என்றாவது ஆசிரியர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். "இதெல்லாம் கதைதானேம்மா?" என்று கேட்பார். ஆமாம் என்று தலையாட்டினால் வேலை பிழைக்கும்.

ஆட்ட மாட்டேன்.