அப்பா வாங்கிக்கொண்ட பாக்கு

அப்பாவின் தலையணையை அண்ணன் உதறிக்கொண்டிருந்தான். பஞ்சுதான் பறந்தது, பாக்கு விழவில்லை.

உயிர் போனது தெரிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கட்டிலில் கிடந்தவரை இப்படிக் கொஞ்சம் நகர்த்துவதும், அப்படிக் கொஞ்சம் புரட்டி அடியில் கையை விட்டுத் துழாவுவதுமாக அவன் படுகிற பாட்டைத் தங்கை சுவரோரம் நின்று பார்த்தாள். நாற்பதை எட்டப்போகிறவள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். ஆனாலும் வீட்டில் இன்னும் பாப்பாதான்.

“எங்க வச்சேன்னு சொல்லிடு பாப்பா.”

“நான் எதுக்குண்ணே வைக்கிறேன்? அப்பா கைலதான் இருந்துச்சு.”

முந்தின நாள் சாயங்காலம் கொத்தனார் வந்திருந்தார். அடுத்த தெருவில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர், அவரும் மனைவியை இழந்தவர்தான். சிமெண்ட் போகத் தேய்த்துக் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, அப்பாவின் உள்ளங்கையில் ஒரு கொட்டைப்பாக்கை வைத்து மகளைப் பெண் கேட்டார். அப்பாவுக்குப் பேச்சு கிடையாது. லாரி ஓட்டின காலமெல்லாம் தூக்கத்தை விரட்டப் பாக்கை அடக்கியே தொண்டையில் புற்று வந்து, அறுத்து எடுத்தாயிற்று. மூச்சுகூடக் கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான். அதிலிருந்து பாக்கு அவருக்குப் பாம்பு. யாராவது மென்றுகொண்டு உள்ளே வந்தால் விரலாலேயே வாசலைக் காட்டிவிடுவார். அப்படிப்பட்டவர் தன் கையிலிருந்த பாக்கை வெகுநேரம் பார்த்தார். பிறகு விரல்களை மூடிக்கொண்டார். கொத்தனார் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பாக்கை வாங்கியாயிற்று என்றால் பெண்ணைக் கொடுத்தாயிற்று என்றுதான் அர்த்தம். மனசு மாறினால், வாங்கின அதே பாக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வேறு பாக்கு செல்லாது. மளிகைக் கடையை மூடிவிட்டு வந்த அண்ணன் விஷயம் கேட்டுக் குதித்தான். ஊர் பேர் தெரியாத ஆள், இந்த வயதில் கல்யாணம், நாலு பேர் வாயில் விழ வேண்டுமா என்றான். காலையில் திருப்பிக் கொடுத்துவிடுவதாக அப்பாவின் காதுபடவே சொல்லிப் படுத்தவன் எழுந்தபோது அப்பா போய்ச் சேர்ந்திருந்தார்.

இப்போது அந்தக் கொத்தனார், யாரும் கூப்பிடாமலே, வாசலில் நாற்காலிகளை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் சத்தம் கேட்கக் கேட்க அண்ணனுக்குப் பரபரப்பு கூடியது. உறவுக்காரர்கள் வந்து சேருவதற்குள் பாக்கு அந்த ஆள் கைக்குப் போயாக வேண்டும்.

“செத்தவன் சட்டைப் பையத் துழாவ நீ போலீஸ்காரனாப் பொறந்திருக்கணும்டா,” என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை. அழுகைக்கு நடுவிலும் வாய் சும்மா இருக்காது. “எங்க அண்ணன் வாங்குனத நீ யாரு குடுக்க?”

“என்னத்த வாங்குனாரு அத்தே? கைல எத வச்சாலும் மூடிக்குவாரு, பச்சப்புள்ள மாதிரி. அதுக்குப் பேரு சம்மதமா?”

அத்தை பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். ராத்திரியெல்லாம் அவளை அரித்ததும் அந்தக் கேள்விதான். சம்மதமா, வெறுமனே விரல் மடங்கியதா? கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்து போர்வையை இழுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அண்ணன் துணியை நனைத்து அப்பாவின் முகத்தைத் துடைத்தான். தாடையைத் தொட்டதும் கடைவாயிலிருந்து செம்பழுப்பாக ஒரு கோடு இறங்கியது.

“ரத்தம்,” என்றான்.

அத்தை குனிந்து முகர்ந்து பார்த்தாள். நிமிர்ந்தவள் வாயைச் சுட்டிக் காட்டினாள். அண்ணன் சுண்டுவிரலைக் கன்னத்துக்குள் விட்டான். ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடறியதை நிமிண்டி எடுத்தான்.

பாக்கு.

அதற்கு ஒரு பக்கம் இல்லை. பல்லே இல்லாத வாய், கல்லைப் போன்ற கொட்டையை விடிய விடிய ஊறவைத்து, வெறும் ஈறால் நெருடியே ஓரத்தைக் கரைத்திருந்தது. கீறல் கீறலாகத் தெரிந்த வெள்ளை நரம்புகளை அண்ணன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மூன்று பேரும் பார்த்தார்கள். அந்தக் கை தனியாக, இருட்டில், எதை வாய்க்குக் கொண்டுபோயிருக்கிறது. அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பாப்பாவுக்குத் துணிச்சல் வரவில்லை. பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் பாக்கை இருந்த இடத்திலேயே வைத்தான். பொட்டலம் கட்டிப் பழகிய கை, தாடையைத் தூக்கி, துணியைச் சுற்றி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் வெளியே போனான்.

மதியம் பாடையைத் தூக்க ஆட்கள் குனிந்தபோது, கொத்தனார் செருப்புகள் கிடந்த இடத்தில் ஒதுங்கி நின்றார். அண்ணன் திரும்பிப் பார்த்தான்.

“அங்க என்ன பண்றீங்க மாப்பிள்ள? முன்னால வந்து பிடிங்க.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. கொத்தனார் மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அண்ணனைவிட அவர் ஒரு சாண் உயரம். தூக்கியதும் பாடை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவர் முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டார். தெருமுனை திரும்பும்வரை அப்படியே மடக்கித்தான் நடந்தார். அப்பா எந்தப் பக்கமும் சாயாமல், மட்டம் பார்த்து வைத்ததுபோல் போய்க்கொண்டிருந்தார்.