இரண்டாவது ஆள்

பிரியும்போது நானும் என் கணவரும் குளங்களையும் பிரித்துக்கொண்டோம். வாஷிங் மெஷின் அவருக்கு, புத்தக அலமாரி எனக்கு. கிழக்கு ஈரநிலப் பூங்கா அவருக்கு, மேற்குப் பூங்கா எனக்கு. கேள்விப்பட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இருபத்தாறு வருஷம் ஞாயிறு தவறாமல் சேர்ந்து பறவை பார்த்தவர்கள், ஒரே மரப்பாலத்தில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதற்கு அது எவ்வளவோ மேல்.

"போய்த் தொலைங்க" என்று சொன்னது நான்தான். என் வாய் அப்படி. அதற்கு முன்பும் நூறு தடவை சொல்லியிருப்பேன், மனுஷர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அந்தத் தடவை போட்டுக்கொண்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டார். நான் ஒரு பறவையைப் பார்த்ததும் பெயரைச் சொல்லிவிடுவேன். அவர் விடாமல் குடைவார்: "கால் என்ன நிறம்? வால பாத்தியா, இல்ல சும்மா அடிச்சு விடுறியா?" தொலைவில் போன ஒரு பருந்துக்காக மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்திருக்கிறார். நாலாம் நாள் காலையில் தானாகவே வந்து, "சரி, அது பருந்துதான்" என்றார்.

பத்து மாதமாக அந்தக் குடைச்சல் இல்லை. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாளெல்லாம் நான் கேட்கிறேன். வீட்டுக்கு வந்தால் என்னை ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை. அவர் திரும்பி வந்துவிட வேண்டும் என்று இருந்தது. ஃபோனை எடுத்து "வாங்க" என்று சொல்ல என் வறட்டுக் கௌரவம் விட்டால்தானே.

கோடை முடியப்போகிற ஞாயிறு அது. குளம் பாதி வற்றி, கரையெல்லாம் சேறு வெடித்துக் கிடந்தது. மறைந்திருந்து பார்ப்பதற்காகக் கட்டியிருக்கும் மரக்குடிலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். இரண்டு கொக்கு, ஒரு மீன்கொத்தி, வழக்கமான வாத்துகள். பக்கத்தில் பெஞ்சு காலியாக இருந்தது. அதைப் பார்த்தேன், ஃபோனைப் பார்த்தேன். பறவை பார்ப்பவர்கள் செத்தாலும் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன்.

"மேற்குப் பூங்கா, இரண்டாம் குடில். செங்கழுத்து உள்ளான், ஒன்று" என்று எங்கள் பறவைக் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அப்படி ஒரு பறவை அங்கே இல்லை. தண்ணீரில் பம்பரமாகச் சுற்றும் அந்தச் சின்னஞ்சிறு பறவையை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. அதற்காகத் தவம் கிடந்தவர். எப்படியும் வருவார். வந்து என்னைக் குடைவார். அது போதும் எனக்கு.

முதலில் வந்தது பல் டாக்டரம்மா. குழுவின் பறவைப் பட்டியல் அவள் கையில். எந்தச் சேதியும் அவளிடம் தங்காது என்பதால் நாங்கள் வைத்த பெயர் தந்தி. பின்னாலேயே ஏழெட்டுப் பேர் டெலஸ்கோப்பும் கையுமாக வந்துவிட்டார்கள். கடைசியாக அவர் வந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. முகம் தெளிந்திருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"நல்லா இருக்கியா?" என்றார்.

"இருக்கேன்."

அவ்வளவுதான். டெலஸ்கோப்பை முக்காலியில் மாட்டி ஒரு மணி நேரம் தண்ணீரைத் துழாவினார். கால் நிறம், அலகு, எந்தப் பக்கமாகச் சுற்றியது, எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னை ஒன்றுமே கேட்கவில்லை.

தந்திக்குப் பொறுமை போய்விட்டது. "அபூர்வப் பறவைன்னா ரெண்டாவது ஆள் பாத்தாகணும், தெரியுமில்ல? ஒருத்தர் சொன்னத வச்சு நான் பட்டியல்ல சேர்க்க முடியாது. வேற யாராச்சும் பாத்தீங்களா?"

எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டு பேர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"நான் பாத்தேன்," என்றார் அவர். "இப்பதான் நாணலுக்குள்ள போச்சு."

எல்லோரும் நாணல் பக்கம் ஓடினார்கள். அவர் முக்காலியை மடக்கிக்கொண்டு கிளம்பினார். மரப்பாலத்தில் ஓடிப்போய் வழிமறித்தேன்.

"ஏங்க, அங்க ஒண்ணுமே இல்ல. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் பாத்தேன்னு சொன்னீங்க?"

"நாலு பேர் முன்னால உனக்கு எதுக்குச் சங்கடம்." லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசுவாரே, அந்தக் குரல்.

"திட்டுங்க என்னை. அடிச்சு விடுறியான்னு கேளுங்க."

"இனிமே எதுக்கும்மா அதெல்லாம்? உடம்ப பாத்துக்கோ." மெல்ல ஒதுங்கி, என் தோளில் இடிக்காமல் நடந்து போனார்.

ஒரு பருந்துக்காக மூன்று நாள் மல்லுக்கு நின்ற மனுஷர். திட்டியிருந்தால், விட்டுப்போன இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்திருப்பேன், நாலாம் நாள் என்று ஒன்று இருந்திருக்கும். பொய்யென்று தெரிந்தும் பெரிய மனதோடு விட்டுவிட்டுப் போகிறார் என்றால், நான் அவருக்கு வெளியாள் ஆகிவிட்டேன்.

அப்படியே பாலத்தில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன். தந்தி ஓடிவந்தாள்.

"எனக்கும் அந்தப் பறவைய முதல் தடவ பாத்தப்ப இப்படித்தான் அழுக வந்துச்சு," என்று சொல்லி முதுகில் தட்டிக்கொடுத்தாள்.