ஆத்துல தண்ணி

இந்தக் காலத்தில் எவன் தப்பை ஒப்புக்கொள்கிறான் என்று பொன்ராஜ் விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டது படுக்கையறையின் மேல்தளத்தைப் பார்த்து. முன்பெல்லாம் பஸ்ஸில் ஒருத்தன் காலை மிதித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். இப்போது மிதித்தவனே, உன் காலை ஏன் அங்கே வைத்தாய் என்கிறான். அதையும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. போனில் எழுதிப் போடுகிறான். அதற்குக் கீழே நாலு பேர் கும்பிடு பொம்மை போடுகிறார்கள்.

மேலேயிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கட்டில்மேல் வைத்திருந்த எவர்சில்வர் பேசினில் 'ப்ளக்' என்று சத்தம். தி.நகரில் பாத்திரக் கடையிலேயே தலை நரைத்த மனுஷன் அவர். பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான் என்றாலும், சொட்டு விழுகிற சத்தத்தை வைத்தே பாத்திரம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இது அரைக்கு மேலே.

கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு, மயிலாப்பூரில் இந்த இரண்டாவது மாடி வீட்டோடு ஒதுங்கியிருக்கிறார். மகள் மதுமதிக்கு வளைகாப்பு முடிந்து, வருகிற வெள்ளிக்கிழமை அழைத்து வர வேண்டும். தலைப்பிரசவம். இந்த அறையைத்தான் ஒழித்து, புது மெத்தை போட்டு வைத்திருந்தார்கள். அதில் நேற்று மேலேயிருந்து ஒரு பாளம் காரை பெயர்ந்து, சரியாகத் தலையணை இருக்கிற இடத்தில் விழுந்தது. சம்பந்தி வீட்டில் இதைப் பார்த்தால் பெண்ணை அனுப்பவே மாட்டார்கள். மனைவி தாயம்மா சத்தம் போடவில்லை. பாளத்தை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, "பிள்ளை தலையில விழாம வெறும் தலையணையில விழுந்துச்சே, அந்தமட்டும் சரி" என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் பொன்ராஜுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகமில்லை. பிளம்பர் அக்பர் பாஷா பார்த்த அன்றே சொல்லிவிட்டான். "மேல் வூட்டு பாத்ரூம்ல தண்ணி எறங்குற ட்ராப்பு போயிக்கீது நைனா. மேல ஒடைச்சாத்தான் கீழ நிக்கும்." அசோசியேஷன் செயலாளர் சக்திவேல், பொதுக் குழாய் என்றால்தான் அசோசியேஷன், இது இரண்டு வீட்டுக்காரர்களும் பேசித் தீர்க்க வேண்டியது என்று கைகழுவிவிட்டார். மேல் வீட்டு ஜெயலக்ஷ்மி மாமியோ அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிப் போட்டாள். 'எங்காத்துல லீக் ஒண்ணும் இல்லை. ரிப்பேருக்கு இப்போ சௌகரியப்படாது.' தாயம்மா அதை வாசித்துக் காட்டியபோது பொன்ராஜ் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். இரண்டாம் தடவையும் அதேதான் இருந்தது.

அக்பர் பாஷா போனபோது மாமி கிரில் கதவையே திறக்கவில்லை. "பாய் உள்ள வந்தா மடி கெட்டுருமாக்கும்" என்றார் பொன்ராஜ். "அட போ நைனா. போன வருஷம் அந்தம்மா எனக்குக் காப்பியே குட்த்துது. இது வேற இன்னாவோ மேட்டர்" என்று அவன் சிரித்தான். பொன்ராஜ் அதையும் நம்பவில்லை. மாமியின் வீட்டுக்காரர் ஸ்ரீனிவாசராகவன், பெரிய ஆபீஸராக இருந்து ஓய்வு பெற்றவர், தினம் காலையில் கேட்டருகே நின்று "என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?" என்று கேட்பவர். சில மாதமாக அவரையும் காணோம். மூஞ்சியைக் காட்ட வெட்கம் என்று பொன்ராஜ் கணக்குப் போட்டிருந்தார்.

எங்களுக்குக் கூரை, அவர்களுக்குத் தரை. இரண்டும் ஒரே சிமெண்டுதான். நடுவில் ஊறுகிற தண்ணீர் மட்டும் யாருக்கும் இல்லையா?

பேசினை இரண்டு கையாலும் தூக்கினார். "எங்க போறீக?" என்றாள் தாயம்மா.

"அவுக தண்ணிய அவுகளுக்கே கொடுத்துட்டு வாரேன்."

"சிந்திராம போங்க. அதையும் நாந்தான் துடைக்கணும்."

படியேறும்போது சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டார். மாமி, இது சாட்சி. லீக் இல்லைன்னா இது என்ன, எங்க வீட்டுக் கூரை அழுததா? நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேலே போனபோது கிரில், மரக்கதவு இரண்டுமே திறந்து கிடந்தன. ஹாலில் ஈரக்கால் தடங்கள். குளியலறைக் கதவுக்கு வெளியே, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கதவில் நெற்றியை வைத்தபடி மாமி நின்றிருந்தாள். உள்ளே குழாய் கொட்டுகிற சத்தம், நடுநடுவே சொம்பால் மொண்டு ஊற்றுகிற சத்தம். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் ஹாலுக்கு வந்துகொண்டிருந்தது.

அவரைப் பார்த்ததும் சண்டைக்கான முகமே அவளிடம் இல்லை. "தாழ்ப்பாள் போட்டுண்டுட்டார் அண்ணாச்சி" என்றாள், வீட்டு மனுஷனிடம் சொல்வதுபோல. பிறகு கதவைப் பார்த்து, "ஏன்னா, திறங்கோன்னா."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆத்துக்குப் போகணும்."

"இதான்னா நம்மாத்து. நான் ஜெயா."

"ஆத்துக்குப் போகணும். விடு."

மயிலாப்பூர் மாமிகளுக்கு அத்தனை வருஷம் குண்டானும் கரண்டியும் விற்றவருக்கு அந்த வார்த்தை தெரியாததல்ல. ஆம் என்றால் வீடு, எங்காத்துல என்றால் எங்கள் வீட்டில். ஆனாலும் அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவர் காதில் ஆறுதான் விழுந்தது. விழுந்ததை அப்படியே கேட்டுவிட்டார்.

"எந்த ஆத்துக்கு, சாமி?"

மாமி திரும்பிப் பார்த்தாள். "அது வீடு அண்ணாச்சி. ஆறு இல்லை. எங்க பேச்சுல..."

உள்ளே சொம்பால் மொண்டு ஊற்றுகிற சத்தம் நின்றிருந்தது.

"யாரது?" என்றது குரல்.

பொன்ராஜ் பேசினைத் தரையில் வைத்தார். "நானும் குளிக்கத்தான் வந்தேன். ஆத்துல தண்ணி எப்படி இருக்கு?"

"கணுக்கால் மட்டும்தான். இழுப்பே இல்லை." குரலில் அலுப்பு. "இதெல்லாம் ஒரு காவேரியா?"

மாமி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பொன்ராஜ் அவள் பக்கம் குனிந்து, வால்வு எங்கே என்று மெதுவாகக் கேட்டார். "பால்கனில இருக்கு. மூடினா அலறுவார். அதான் மூடறதில்லை." போய் மூடச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுக் கதவருகே வாயை வைத்துப் பேசினார்.

"மேல அணையை மூடப் போறாங்களாம் சாமி. இப்ப நின்னுரும். கரையேறிருங்க."

குழாய் இருமியது, நின்றது. அலறல் வரவில்லை. பிறகு, "நின்னுடுத்து" என்றது குரல்.

"துண்டு இருக்கா?"

"அதை வெச்சுத்தான் தண்ணியைத் தேக்கியிருக்கேன்."

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு. வாங்க."

தாழ்ப்பாள் விலகியது. ஸ்ரீனிவாசராகவன் ஈர வேட்டியோடு நின்றார். இளைத்திருந்தார். பொன்ராஜைப் பார்த்தார், தெரிந்த முகம் என்றும் இல்லை, தெரியாத முகம் என்றும் இல்லை. பொன்ராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். அவர் வாங்கத் தெரியாமல் நிற்கவே, தானே அந்தத் தலையைத் துவட்டினார். குழந்தையைப்போல் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றார் பெரிய ஆபீஸர்.

வேஷ்டி மாற்றி நாற்காலியில் உட்கார வைத்த பிறகு மாமி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சித்திரைலேர்ந்து இதே பாட்டுதான். ஆத்துக்குப் போகணும், ஆத்துக்குப் போகணும். நானும், இதான்னா நம்மாத்து, வேற ஆம் ஏதுன்னு சொல்லிண்டே இருக்கேன். ஸ்ரீரங்கத்துல பொறந்து வளர்ந்தவர். எனக்கு ஆறுன்னு தோணவே இல்லையே அண்ணாச்சி."

"வீடாவும் இருக்கும் மாமி. எனக்கென்ன தெரியும்? காதுல விழுந்ததைக் கேட்டேன்."

"வெளியில சொன்னா வேடிக்கை பாக்க வருவா. எங்கேயாவது சேர்த்துடுங்கோம்பா. அதான் லீக்கே இல்லைன்னு எழுதிட்டேன்." முந்தானையால் தரை ஈரத்தைத் துடைத்தாள். அந்தத் துடைப்பில் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பொன்ராஜுக்கு வந்த காரியம் நினைவுக்கு வந்தது. அடுக்கி வைத்த வாக்கியங்களில் ஒன்றும் அகப்படவில்லை. "மக வாரா மாமி. பிள்ளை பெற வாரா. தலைமாட்டுல காரை விழுது" என்றார்.

மாமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மதுவா? அக்பரை வரச் சொல்லுங்கோ. உடைச்சுடலாம்." சொல்லிவிட்டு நாற்காலிப் பக்கம் பார்த்தாள். "சுத்தியல் சத்தம் கேட்டா இவரை எங்கே வெச்சுக்கறதுன்னுதான் தெரியலை."

"எங்க வீட்டுல இருக்கட்டும்." யோசிப்பதற்குள் வாயிலிருந்து விழுந்துவிட்டது. உடனே விறைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. அங்க வந்து குழாயைத் தொறந்து விட்டார்னா, எனக்குக் கீழ உள்ளவன் ஒரு சட்டியைத் தூக்கிட்டு வந்து நிப்பான். நானும் லீக்கே இல்லன்னு எழுதிப் போட்டுருவேன், சொல்லிட்டேன்."

மாமிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அப்போது தண்ணீர் அளைகிற சத்தம். ஸ்ரீனிவாசராகவன் நாற்காலியிலிருந்து காலை நீட்டி, தரையில் இருந்த பேசினுக்குள் இரண்டு பாதத்தையும் வைத்திருந்தார். பழுப்பாய்க் காரைப் பொடி கலங்கிய தண்ணீர். விரல்களை அசைத்துப் பார்த்தார்.

"ஜில்லுனு இருக்கு" என்றார்.

"உங்க தண்ணிதான் சாமி" என்றார் பொன்ராஜ்.

அவர் நிமிர்ந்தார். "என்னை ஆத்துக்கு அழைச்சுண்டு போவேளா?"

பொன்ராஜ் மாமியைப் பார்த்தார். மாமி பொன்ராஜைப் பார்த்தாள். எந்த ஆம், எந்த ஆறு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"பாப்போம்" என்று எழுந்தார். வாசல் வரை வந்த மாமி, "பேசினை அலம்பி அனுப்பறேன். அக்பர் வந்தா கட்டாயம் திறப்பேன்" என்றாள்.

கட்டாயம். கடையில் உட்கார்ந்து எத்தனை கட்டாயம் கேட்டிருக்கிறார். நாளைக்குக் காலையில் அந்தக் கிரில் பூட்டித்தான் இருக்கும், அக்பர் திரும்பி வந்து சிரிப்பான். ஆறாம், காவேரியாம். நடுவில் ஒரு நல்ல பேசினும் போயிற்று. இந்தக் காலத்தில் கொடுத்த பாத்திரத்தை எவன் திருப்பித் தருகிறான்? துண்டில்லாத தோளைத் தடவிக்கொண்டே பொன்ராஜ் படியிறங்கினார். மேலே, திறந்த கதவு வழியாக, எவர்சில்வர் விளிம்பில் தண்ணீர் மெல்ல மோதுகிற சத்தம் கேட்டது. அரைப் பேசின் தண்ணீரில் இரண்டு கால்கள் அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தன.