மதிலுக்கு மூன்று

ஜெயகௌரிக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. இணுவிலில் அவள் வீட்டு முற்றத்தில், காலையில் இளஞ்சிவப்பாய் விரிந்து மத்தியானத்துக்குள் வெளிறிப்போகும் அந்த ரோசா அவளுடைய அப்பா உண்டாக்கியது. அயலிலும் அதற்குக் கதிரவேலு ரோசா என்றுதான் பெயர். பழைய பூச்செடிகளின் விபரங்களைக் மலர்க் கண்காட்சிக் குழு புத்தகமாக அடிக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் படிவம் வாங்கி அந்தப் பெயரையே எழுதினாள். ஐம்பது வருடம் தோட்டம் கொத்திய மனிதரின் பெயர் வாக்காளர் பட்டியலையும் மரணச் சான்றிதழையும் தவிர வேறெங்கும் அச்சில் ஏறியதில்லை. இதில் ஏறவேண்டும் என்று முருகனுக்கு நேர்த்தியும் வைத்திருந்தாள்.

'முதலில் கிடைத்த விதம்' என்று ஒரு கட்டம் மிஞ்சியிருந்தது. அதற்காக அப்பா தோட்டக் குறிப்புகள் எழுதிவந்த கொப்பியைப் புரட்டினாள். 1974, தை: 'நீர்வேலி. வாழைத்தோட்டத்து முன்வீடு. வேலிக்கு மேலால் ஒரு கொப்பு.'

அவளுக்கு முகம் சுருங்கியது. அப்படியென்றால் அது அப்பா உண்டாக்கியதல்ல, யாரோ வீட்டு வேலியில் களவாய் முறித்தது. கண்டதைக் காணாததுபோல் விட மனமில்லை. மறுநாளே ஸ்கூட்டியை எடுத்தாள்.

நீர்வேலி வீட்டில் அதே ரோசா வேலியோரம் பூத்திருந்தது. வீட்டுக்காரர் பிரகலாதனுக்கு எழுபது வயதிருக்கும். அவள் தான் யாரென்றும் வந்த காரியத்தையும் சொன்னாள்.

"கதிரவேலற்றை மகளோ? களவெடுத்ததைத் திருப்பித் தர வந்தனீரோ?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீங்கள் பாத்தனீங்களோ, அண்ணை?"

"பாக்காமல்? நானும் அம்மாவும் யன்னலுக்குள்ளாலை நிண்டு பாத்தனாங்கள். கேட்டு வாங்கின கொப்பு வேர்விடாது, களவெடுத்தால்தான் தழைக்கும் எண்டுதானே சனம் நம்பினது. அம்மாவும் அப்பிடித்தான் எடுத்தவ. குருநகரிலை, செபஸ்தியம்மா எண்ட மனுசியின்ரை மதிலிலை."

குருநகரில் செபஸ்தியம்மாவின் மகள் யசிந்தா இருந்தார். மதிலோரத்தில் ரோசா இல்லை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது செடி பட்டுப்போயிருந்ததாம். ஜெயகௌரி வந்த காரியத்தைக் கேட்டதும் அவர் அலுமாரிக்குள்ளிருந்து ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். கோயிலுக்குப் பூக் கொடுத்த கணக்கை அம்மா எழுதி வைத்த கொப்பி. முதல் பக்கத்தில் 1958 என்று இருந்தது. 'மாதா பீடத்துக்கு ரோசா பன்னிரண்டு. மதிலுக்கு மூன்று.' கிழமைக்குக் கிழமை இப்படியே.

"மதிலுக்கு எண்டால் என்னக்கா?"

"அது கள்ளருக்கு, பிள்ளை." யசிந்தா சிரித்தார். "கேட்டால் வேர்விடாதெண்டு ஒருத்தரும் கேக்காயினம். அவசரத்திலை முறிச்சால் மரமும் பழுதாகும், அவையின்ரை கையும் கிழியும். அம்மா தானே மூண்டு கொப்பு வெட்டி, முள்ளைச் சீவி, ஈரச்சாக்கிலை சுத்தி மதிலிலை வைச்சிட்டு உள்ளுக்கு வந்திடுவா. எங்களையும் எட்டிப்பாக்க விடமாட்டா. ஆக்கள் வெக்கப்படுவினமாம்."

ஜெயகௌரி கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து அப்பாவின் பெயரை ஒரே கோட்டில் வெட்டினாள்.

"என்ன செய்யிறீர்? அப்பாவின்ரை பேர் இருக்கட்டும். அம்மா ஒண்டும் கோவிக்கமாட்டா."

"அப்பா தன்ரை கொப்பியிலை பொய் எழுதேல்லை, அக்கா. நான் எழுதினால் அவருக்குத்தான் வெக்கம்."

'செபஸ்தியம்மா ரோசா' என்று எழுதினாள். மிஞ்சியிருந்த கட்டத்தை உறுதியான கையெழுத்தில் நிரப்பினாள்: 'குருநகர் மதிலிலிருந்து நீர்வேலிக்கு. நீர்வேலி வேலியிலிருந்து இணுவில் கதிரவேலுவுக்கு. இரண்டும் களவு.' எழுதி முடித்த பிறகுதான் அப்பாவின் பெயரும் அதில் இருப்பதைக் கண்டாள். அது இருக்கவேண்டிய இடத்திலேயே இருந்தது. நேர்த்தியைத் தீர்க்க வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாம் என்று எண்ணிக்கொண்டாள்.

விடைபெறும்போது யசிந்தா படலை வரைக்கும் வந்தார். "பிள்ளை, உங்கடை மரத்திலை ஒரு..." என்று தொடங்கியவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இல்லை. நான் கேக்கேல்லை."

"நானும் ஒண்டும் கேக்கேல்லை, அக்கா."

வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து நேரே குருநகருக்குப் போனாள். காலையிலேயே முள் சீவி, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த மூன்று கொப்புகளை மதிலின்மேல் வைத்தாள். வீட்டு யன்னல் சீலை அசைந்தது. ஜெயகௌரி மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்கூட்டியை உதைத்தாள்.