முதுகுக்கு முன்னால் ஆடியவர்

பெர்மேயோ இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. அவர் எடுத்தது ஆறே படங்கள். ஆறிலும், கதையின் முக்கியமான கட்டம் வரும்போது நடிகர்கள் கேமராவுக்கு முதுகைக் காட்டிவிடுவார்கள். எங்கள் துறைமுக நகரமான பாரன்கியாவில் அவரை மேதை என்பவர்களும் உண்டு, முகத்தை எடுக்கத் தெரியாத ஆள் என்பவர்களும் உண்டு. இரண்டு கட்சியும் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் திரைப்படக் கழகத்தில் கூடும். அங்கே படம் போடுவது என் வேலை. என் பெயர் தாரியோ, மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார்.

மேதைக் கட்சியின் தலைவர் எவேலியோ. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். பனைமரம் மாதிரி உயரம், எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. எதிர்க்கட்சி யோலிமா. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்துபவள். பேச்சிலும் அதே வேலைதான் என்பார் எவேலியோ.

அவர்கள் ஒன்பது வருடமாகச் சண்டை போட்டது பெர்மேயோவின் கடைசிப் படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றி. மஞ்சள் பாவாடை அணிந்த ஒரு பெண் துறைமுகத்தின் நீண்ட பாலத்தில் கடலைப் பார்த்து நடந்து போவாள். நமக்குத் தெரிவது அவள் முதுகு மட்டும். பாதி தூரம் போனதும் தோள்கள் குலுங்க ஆரம்பிக்கும். மூன்று நிமிடம் குலுங்கிக்கொண்டே போவாள். படம் முடிந்துவிடும்.

அழுகிறாள் என்றார் எவேலியோ. துயரத்துக்கு முகம் கிடையாது, அதனால்தான் பெர்மேயோ காட்டவில்லை என்று நாற்பது பக்கத்துக்கு ஒரு சிறு புத்தகமே எழுதியிருந்தார். அவள் சிரிக்கிறாள் என்றாள் யோலிமா. நடிக்கத் தெரியாத பெண் சிரித்துவிட்டாள், வெட்டி எறியச் சோம்பல்பட்டு அந்த ஆள் அப்படியே விட்டுவிட்டார், அதற்கு நீங்கள் நாற்பது பக்கம் எழுதுகிறீர்கள் என்பாள். படத்தில் நடிகர் பட்டியலே கிடையாது. அந்தப் பெண் யார் என்று யாருக்கும் தெரியாது.

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, யோலிமாவின் நாற்காலியில் ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்த ஒரு பெரியம்மா, சுவரில் ஒட்டியிருந்த எங்கள் கழகத்தின் சுவரொட்டியைப் பார்த்தார். அதில் அந்த மஞ்சள் பாவாடைக் காட்சி இருந்தது. "இந்த முதுகு என்னோடது," என்றார்.

யோலிமா கையில் ஊசியோடு அப்படியே நின்றுவிட்டாளாம்.

பெயர் எடெல்மிரா, வயது அறுபத்தெட்டு. துறைமுகத்தில் பொரித்த மீன் விற்றுக்கொண்டிருந்தபோது பெர்மேயோ கூப்பிட்டு நடக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதமே கல்யாணமாகி வேறு ஊரான சாந்தா மார்த்தாவுக்குப் போய், இப்போதுதான் திரும்பி வந்ததால் அவர் படத்தையே பார்த்ததில்லை. யோலிமா அவரைச் சனிக்கிழமை வரச் சொன்னாள். ஆனால் அழுதீர்களா சிரித்தீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. நான் ஏன் என்று விசாரித்தேன்.

"தனியா கேட்டா, நான் சொல்லிக்குடுத்து கூட்டிட்டு வந்தேன்னு அந்த மனுசன் சொல்லுவாரு," என்றாள். "ஜெயிச்சா எல்லார் முன்னாடியும் ஜெயிக்கணும், தாரியோ."

சனிக்கிழமை நாற்காலி போதவில்லை. எடெல்மிரா இரண்டு நாத்தனார்களைக் கூட்டிக்கொண்டு, ஒரு பை நிறைய மரவள்ளிக்கிழங்கு போண்டாவோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். படம் ஓடும்போதெல்லாம் மூவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அதோ பழைய மீன் சந்தை, அதோ இன்னாருடைய பேருந்து என்று. வேறு யாராவது பேசியிருந்தால் எவேலியோ வெளியே அனுப்பியிருப்பார். அன்றைக்கு விட்டுவிட்டார். கடைசிக் காட்சி வந்தது. எடெல்மிரா பேச்சை நிறுத்தினார். எவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறேன் என்று மட்டும் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

விளக்கைப் போட்டேன். எவேலியோ எழுந்து நின்றார். கையில் அவருடைய சிறு புத்தகம்.

"அம்மா, அந்தப் பாலத்துல... நீங்க அழுதீங்களா?"

"நானா? இல்லப்பா. சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு."

யோலிமா கட்சி மேசையைத் தட்டியது. எவேலியோ உட்கார்ந்தார். ஒன்பது வருடச் சண்டையில் அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. யோலிமாவும் அதைப் பார்த்தாள். தட்டுவதை முதலில் நிறுத்தியது அவள்தான்.

எடெல்மிரா இன்னும் முடிக்கவில்லை. பெர்மேயோ அவரைப் பதினோரு தடவை நடக்கவிட்டாராம். ஒவ்வொரு தடவையும் கேமரா ஞாபகத்தில் அவர் கட்டை மாதிரி விறைப்பாக நடந்திருக்கிறார். பன்னிரண்டாவது தடவை பெர்மேயோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "இந்தத் தடவை நானும் வரேன், பயப்படாதே," என்று சொல்லிவிட்டு எடெல்மிராவுக்கு நேர் முன்னால் போய் நின்றாராம். பெர்மேயோ குள்ளம். அப்படியே அவர் முகத்தைப் பார்த்தபடி, பின்னால் நகர்ந்து நகர்ந்து, பாலம் முழுக்கக் கும்பியா நடனம் ஆடிக்கொண்டே போயிருக்கிறார்.

"அந்த மாதிரி மோசமா ஆடுறவரை நான் பார்த்ததே இல்ல," என்றார் எடெல்மிரா. "ரெண்டு தடவை கடல்ல விழப் பார்த்தாரு."

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துப் படத்தைத் திருப்பிப் போடச் சொன்னார்கள். போட்டேன். இத்தனை வருடமும் நாங்கள் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். இப்போது இடுப்புக்குப் பக்கத்தில் பார்த்தோம். காற்றில் பாவாடை ஒதுங்கும்போது ஒரு கறுப்புச் செருப்பு. இடது முழங்கைக்கு மேலே, கண் சிமிட்டும் நேரத்துக்கு, ஒரு தொப்பியின் விளிம்பு. முகம் காட்டாத அந்த மனிதர் மூன்று நிமிடமும் படத்துக்குள்ளேயே இருந்திருக்கிறார்.

நான் படத்தை அந்த இடத்தில் நிறுத்த, எவேலியோ திரைக்குப் பக்கத்தில் போய் அந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். திரும்பியபோது கண்ணில் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு.

"சோம்பேறின்னு சொன்னியே யோலிமா. சோம்பேறியா பாலம் முழுக்கப் பின்னாடி நகர்ந்து நகர்ந்து ஆடுவான்?"

"மாட்டான்," என்றாள் யோலிமா. அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததை நாங்கள் யாரும் நம்பவில்லை. ஆனால் உடனே சமாளித்துக்கொண்டாள். "ஆனா ஒரு ஆளை இன்னொரு ஆளுக்கு முன்னாடி மூணு நிமிசம் மறைக்க முடியாது. செஞ்சு காட்டுங்க, ஒத்துக்கறேன்."

கழகத்திலேயே குள்ளமானவன் நான். யாரோ ஒரு தொப்பியை என் தலையில் கவிழ்த்தார்கள். எல்லோரும் தெருவில் இறங்கினோம். ஐந்து மணிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஒலிபெருக்கியில் மத்தியானத்திலிருந்தே பாட்டு. அந்த வீட்டாரிடம் கேட்டதும் ஒரு கும்பியாப் பாட்டாகப் பார்த்து மாற்றினார்கள். கூட்டம் பின்னால் நின்றது. எடெல்மிரா நடந்தார். நான் அவர் முன்னால் பின்நோக்கி ஆடிக்கொண்டே போனேன்.

"தெரியுதா?" என்று கத்தினேன்.

"யாரு பேசுறது?" என்று கூட்டத்திலிருந்து பதில் வந்தது.

யோலிமா ஒத்துக்கொண்டாள். ஆனால் அதற்குள் எவேலியோ என்னிடம் ஓடி வந்தார். அவருக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. பெர்மேயோ பார்த்ததை இப்போது பார்த்தவன் நான் ஒருவன்தான். அந்த முகம் எப்படி இருந்தது என்று கேட்டார். யோலிமாவும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

நான் சொல்ல முயன்றேன். எடெல்மிரா முதலில் என் தலைக்கு மேலே எங்கேயோ தூரமாகப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றி எவேலியோவிடம் நீட்டினேன்.

"நீங்களே பார்த்துக்குங்க."

எவேலியோ ஆடி யாரும் பார்த்ததில்லை. முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, கையை மடித்துவிட்டுக்கொண்டு, தொப்பியை வைத்துக்கொண்டு எடெல்மிராவுக்கு முன்னால் போய் நின்றார். அவர் தலைக்கு மேல் இவர் தலை ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. பாட்டு தொடங்கியது. எவேலியோ கொக்கு மாதிரி காலைத் தூக்கிப் பின்னால் வைத்தார். எடெல்மிராவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.