பாய்க்கயிற்றில் லாரி முடிச்சு

வரதராஜுலு பீளமேட்டு மில்லுகளுக்குப் லாரியில் பஞ்சு பேல் ஏற்றியே நரைத்தவர். கட்டிய கயிற்றை மட்டும் நம்புவார். மனுஷர்களை அந்த அளவுக்கும் நம்பியதில்லை. மகள் பூஜிதா கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டுப் பாய்ப்படகு ஓட்டக் கற்கப் போனதிலிருந்து அவளோடு பேச்சே இல்லை.

அவள்தான் இறங்கி வந்தாள். "ஒரே ஒரு சுத்து வாங்க நைனா. அப்பறம் எவ்வளவு வேணா திட்டிக்கங்க."

பொள்ளாச்சிப் பக்கத்து அணை. இருவரும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு சின்னப் படகில் ஏறினார்கள். பாயின் அடிக்கட்டையிலிருந்து கப்பி வழியாக வந்த கயிற்றை அவள் அவர் கையில் கொடுத்தாள்.

"நான் சுக்கானைப் பாத்துக்கறேன். நீங்க இதைப் புடிச்சுக்கங்க. காத்து திடீர்னு அடிச்சா 'உடுங்க'ம்பேன். உட்டுரோணும். பாய் தளந்துரும், படகு நிமிந்துக்கும். இதுதானுங்க நம்ம பிரேக்கு."

"உடறதுக்கு எதுக்கம்மணி கயிறு?"

"புடிச்சுத்தான் பாருங்களே!"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

காற்று மெல்ல இழுத்தது. அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பிடித்துக்கொண்டிருப்பதெல்லாம் ஒரு கட்டா? சத்தமில்லாமல் அவர் கயிற்றை உட்காரும் பலகைக்கு அடியிலிருந்த வளையத்தில் கோத்து, பாரத்துக்குப் போடும் முடிச்சைப் போட்டார். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு.

மலைக் கணவாயிலிருந்து காற்று பாய்ந்து வந்தது.

"உடுங்க நைனா!"

விரல்கள் முடிச்சைப் பிறாண்டின. அது கல்லாகியிருந்தது. படகு ஒருபக்கம் எழும்பி, பாயோடு தண்ணீரில் விழுந்தது.

இருமிக்கொண்டே அவர் மேலே வந்தபோது அவள் பக்கத்தில் மிதந்தாள்.

"உடுங்கன்னேனுங்களே?"

"உட்டனம்மணி. எங்கயோ மாட்டிக்கிச்சு."

அவள் கவிழ்ந்த படகுக்குள் கையை விட்டுத் தடவினாள். கை ஓரிடத்தில் நின்றது. இடுப்புக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகையில் ஏறி நின்று படகை நிமிர்த்தினாள்.

கரைக்கு வந்துதான் வாயைத் திறந்தாள். "கட்டுனதுகூடப் பரவால்லீங்க. சொல்லியிருக்கலாம்."

'பயந்துபோட்டேன் கண்ணு' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்றார்.

அவள் வேறு கயிறு கோத்தாள். அவரும் எழுந்தார். "நானும் வாரனே."

"நீங்க வெயில்ல காயுங்க நைனா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

படகு நடுவில் போனபோது மறுபடியும் காற்று அடித்தது. பாய் சாய்ந்தது. வரதராஜுலு தண்ணீருக்குள் இரண்டடி இறங்கிவிட்டார். அவள் கை கயிற்றை விட்டதும் பாய் படபடத்துத் தளர்ந்தது. படகு தானாக நிமிர்ந்து போயிற்று. அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றார்.

அவள் பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.