இடப்பக்க இருக்கை

வண்டி பட்டறை வாசலுக்குள் நுழைந்தபோது இடது இருக்கையில் இருந்த பெண் இரண்டு கால்களையும் மேலே தூக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செருப்பு மடியில் இருந்தது. தரையை ஒட்டி ஓடுகிற இரண்டு பேர் ஸ்போர்ட்ஸ் கார் அது. அதில் காலை நீட்டித்தான் உட்கார முடியும். அவள் உட்கார்ந்திருந்த விதம் பார்த்தவுடனே எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே வாசலில் துடைத்து மினுக்கி, என் கையால் சாவி கொடுத்து அனுப்பிய வண்டி. இப்போது பின்விளக்கு ஒன்று நொறுங்கியிருந்தது.

வலது கதவைத் திறந்துகொண்டு பல் டாக்டர் இறங்கினார். நேற்று நெடுஞ்சாலையில் அவர் மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டதாம். பின்னால் வந்த லாரிக்காரன் ஒடித்துத் திருப்பியதால் விளக்கோடு போயிற்றாம். வண்டியில் கோளாறா, இல்லை இவள் போட்ட கூச்சலில் நானே மிதித்துவிட்டேனா தெரியவில்லை என்று சிரிக்கப் பார்த்தார்.

"நான் கூச்சல் போடலீங்க," என்றாள் அவர் மனைவி. "கீழ காலை ஊன்றினேன். வண்டி நின்னுச்சு. அவ்வளவுதான்."

இடப்பக்கம் ஸ்டியரிங் இருக்கும் தேசத்தில் பத்து வருஷம் ஓட்டியவளாம். பயம் வந்தால் இன்னும் அவள் கால் அந்தப் பக்கத்தில் பிரேக்கைத் தேடும் என்று டாக்டர் சொன்னார், ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல.

என்ன நடந்திருக்கும் என்பது அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

இடது கை வண்டியை வலது கை வண்டியாக மாற்றுவதுதான் எங்கள் பட்டறையின் தொழில். ஸ்டியரிங், முன்பலகை, மிதிகள் எல்லாவற்றையும் இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடுவோம். இந்த ரகத்தில் ஒரு தொல்லை. வலப்பக்கம் முழுக்க எஞ்சின் அடைத்துக்கொண்டிருப்பதால் பிரேக் சிலிண்டரை நகர்த்த முடியாது. அது இடப்பக்கமே கிடக்கும். குறுக்கே ஒரு தண்டைப் போட்டு, வலப்பக்கம் மிதித்தால் இடப்பக்கம் தள்ளும்படி செய்கிறோம். பழைய மிதியை அறுத்துவிட்டாலும் நாலு விரல் நீளத்துக்கு அதன் அடிக்கட்டை கார்பெட்டுக்குப் பின்னால் இருந்தே தீரும். சிலிண்டரைத் தள்ளுவதே அதுதான். அந்தக் கட்டைமேல் யார் கால் பட்டாலும் பிரேக்தான். அதனால் அதற்கு முன்னால் கனத்த இரும்புத் தகடு ஒன்று வைத்து மறைக்க வேண்டும்.

என் மகள் வைத்திருந்தாள். நாலு போல்ட் போட்டு அவளே முறுக்கினாள். ஒப்படைக்கிற அன்று காலையில் பார்த்தேன், தகட்டின்மேல் கார்பெட் பொன்னுக்குவீங்கி வந்த கன்னம்போல் புடைத்துக்கொண்டு நின்றது. எங்கள் பட்டறை வண்டியில் கார்பெட் மேடு தட்டுவதா? அவள் காகித வேலையாக வெளியே போயிருந்த நேரத்தில் தகட்டை நானே கழற்றிவிட்டேன். அங்கே யார் போய் மிதிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நானா?

"முப்பத்தெட்டு வருஷமா இங்கேருந்து போன வண்டி எதுவும் திரும்பி வந்ததில்ல டாக்டர்," என்றேன். "அம்மாவுக்குப் பழைய பழக்கம். பயத்துல அப்படித் தோணியிருக்கும்."

டாக்டர் முகம் தெளிந்தது. அவள் என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

கார்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிடலாமே என்றாள் மகள். வந்தவர் முன்னால் வண்டியைப் பிரிப்பது நம் வழக்கமா என்று கேட்டேன். அடங்கிவிட்டாள். ஆனால் அந்தப் பெண் பக்கம் குனிந்து, "தகடு நானே போட்டதுங்க. அது இருக்கற வரைக்கும் நீங்க எட்டி உதைச்சாலும் ஒண்ணும் ஆகாது," என்றாள். இவள் இவ்வளவு நிச்சயமாகப் பேசுவது என்னிடம் கற்றுக்கொண்டதுதான். முதல் தடவையாக அது எனக்கு உறைத்தது.

மூலையில் என் மச்சினன் அடுப்பிலிருந்து கெட்டிலை இறக்கி ஒரு தகட்டின்மேல் வைத்தான். நாலு ஓட்டைத் தகடு. "அத்தான், இது கிடைச்சதுலேருந்து கெட்டில் ஒரு நாள்கூட ஆடல. நம்ம வீட்ல அசையாம நிக்கறது நீங்களும் இதுவும்தான்," என்றான். அவனுக்கு வேலையைவிட வாய் நீளம். மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தேகம் வந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்து இருக்கையில் வீட்டு ஆள்தான் உட்கார வேண்டும் என்பது நான் ஏற்படுத்திய விதி. நானே வருகிறேன், அதே மாதிரி மிதித்துக் காட்டுகிறேன் என்று டாக்டர் மனைவி சொல்லியும் நான் விடவில்லை. அவளை இறங்கச் சொல்லி நான் ஏறினேன். விதி ஒருபுறம் இருக்கட்டும். கால் என்னுடையது, அதை நான் ஆட்டப்போவதில்லை என்பதுதான் என் கணக்கு.

மகள் ஓட்டினாள். ஊருக்கு வெளியே இறக்கமான சாலையில் வேகம் எண்பதைத் தொட்டது.

"இப்ப நல்லா ஊன்றி மிதிங்கப்பா."

நான் காலை அழுத்தாமல், பாயில் வைப்பதுபோல வைத்தேன். "மிதிச்சிட்டேன். ஒண்ணுமில்ல."

அவள் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. பாவம், அந்தம்மாவிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தாள். வீட்டிலும் அந்த மனுஷர் அவளை இதற்காகவே குத்திக்காட்டிக்கொண்டிருப்பார் என்றாள். நான் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வளைவில் பக்கத்துச் சந்திலிருந்து தண்ணீர் லாரி ஒன்று மூக்கை நீட்டியது.

வண்டி நின்றது. என் நெற்றி கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பின்னால் வந்த வேன் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு எங்களை உரசாத குறையாகத் தாண்டிப் போயிற்று. தண்ணீர் லாரிக்காரன் எங்களைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போனான். மகளின் வலது கால் பிரேக்குக்கு மேலே, இன்னும் தொடாமல், காற்றில் நின்றது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். அது கார்பெட்டில் கணுக்கால்வரை அமுங்கியிருந்தது.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு என் பக்கம் குனிந்து கார்பெட்டின் முனையைப் பிடித்து இழுத்தாள். அடிக்கட்டை தெரிந்தது. அதைச் சுற்றி நாலு வெற்று ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தாள். யார் கழற்றியது என்று கேட்கவில்லை. கார்பெட்டை மறுபடி சீராக மடித்து, விளிம்பைச் செருகி, கையால் நீவிவிட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"மிதிச்சேன்னு சொன்னீங்களேப்பா," என்றாள்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் கியரைப் போட்டுவிட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு ஆட்டோவும் எங்களை முந்திப் போயிற்று. டாக்டரிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். தண்டில் சின்ன இழுப்பு, சாயங்காலத்துக்குள் சரிசெய்து தருகிறோம். அது போதும். பட்டறைக்கும் பங்கமில்லை, மகளுக்கும் பங்கமில்லை. டாக்டர் மனைவிக்கு மட்டும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு வாக்கியம் வரவில்லை.

வாசலில் வண்டி நின்றது. மகள் எஞ்சினை அணைத்தாள். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லப்போவது அவள் இல்லை.

"ஒண்ணுமில்லையே பெரியவரே?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் மகள் பக்கமாக வந்தார். அவர் மனைவி என் பக்கம் வந்து ஜன்னல் அருகில் குனிந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவள் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். என் இரண்டு முழங்கால்களும் மார்புக்கு நேரே மடங்கியிருந்தன. எப்போது கழற்றினேனோ, காலையில் மெருகேற்றிப் போட்ட ஷூ இரண்டும் என் மடியில் இருந்தன.